கலைச்சொல் வேண்டும்: ஜெயித்துக்கொண்டே போய்த் தோற்கத் தொடங்கும் இடம்

கிருஷ்ணகிரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்களுக்குப் போர் வரலாறு பற்றி ஒரு பாடக்குறிப்பு, திங்கள் காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். முதலில் அடித்து நொறுக்கிய நாடு கடைசியில் ஏன் தோற்கிறது என்பது பாடம். பிரஷ்யப் போர்க்கலை அறிஞர் கிளாஸ்விட்ஸின் 'கல்மினேட்டிங் பாயிண்ட்' இல்லாமல் நகரவில்லை. படை முன்னேற முன்னேற இளைக்கிறது, பிடித்த ஊருக்கெல்லாம் காவல் வைக்கணும், தீனி நெடுந்தொலைவு வரணும், எதிரியோ தன் வீட்டுப் பக்கம் பின்வாங்குகிறான். ஓரிடத்தில், பிடித்ததைக் காக்க மட்டுமே வலு மிஞ்சும். தாண்டினால் அடிதான். அந்த இடத்துக்கு 'உச்சப்புள்ளி' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.

ஓசூரிலிருந்து:
அதுவே போதும் சார். எல்லோருக்கும் புரியும்.

பாலக்கோட்டிலிருந்து:
புரியும், தப்பாகப் புரியும். நெப்போலியன் 1812 ஜூனில் ருஷ்ய எல்லையைக் கடந்தபோது படை நாலு லட்சத்துக்கு மேல். செப்டம்பர் 14 அன்று மாஸ்கோவில் நுழைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம். நிலப்படத்தில் உச்சம், ஆள்கணக்கில் பள்ளம். கணக்குப் படித்த பையன் பலம்தான் உச்சம் என்று எழுதிவிடுவான்.

பென்னாகரத்திலிருந்து:
மூலத்தைப் பாருங்கள் ஐயா. இலத்தீனில் 'குல்மென்' என்றால் கூரை முகடு. நம் கூர், கூம்பு, குவடு எல்லாம் மேலே போகப் போக ஒடுங்குவன. வேர் ஒன்றே என்பது என் துணிபு. தாமரை கூம்புவதும் விரிந்தது ஒடுங்குவதுதானே? ஆகவே 'கூம்புநிலை'. இன்னும் ஆறு சான்று இருக்கிறது, இரவு எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து:
கூம்பு என்றால் பசங்களுக்கு ஐஸ்கிரீம்தான் ஞாபகம் வரும்.

அரூரிலிருந்து:
இலத்தீனுக்குப் போவானேன்? வலியறிதல் அதிகாரத்தில் 476ஆம் குறள்: 'நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்.' கிளையின் நுனிவரை ஏறினவர் அதையும் தாண்டி ஏற முயன்றால் உயிருக்கே முடிவு. பள்ளிக்கூடத்தில் பொதுவான அறிவுரையாகத்தான் நடத்துகிறோம். உரையாசிரியர் பரிமேலழகரோ பகைமேல் செல்கிற அரசனுக்கே இதைப் பொருத்துகிறார். தன்னால் முடிந்த அளவு சென்று நின்றவன், மன எழுச்சியால் அதற்கு மேலும் போனால் வினை முடியாது, உயிர்தான் முடியும் என்கிறார். சார் கேட்ட பொருள் அப்படியே இருக்கிறது. 'நுனிக்கொம்பர்' என்றே வைக்கலாம்.

ஓசூரிலிருந்து:
'நுனிக்கொம்பர்னா யாரு சார், சோழனா பல்லவனா' என்று கேட்பான், பதில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா.

பாலக்கோட்டிலிருந்து:
ரகரம் வெறும் கடைப்போலி, பொருள் மாறாமல் சொல்லின் கடைசி மட்டும் மாறுவது, வண்டைக் குறிக்கும் சுரும்பு சுரும்பர் ஆவது போல. 'நுனிக்கொம்பு' என்றால் தீர்ந்தது. கொம்பின் நுனி என்பதுதான் முன்பின்னாக மாறி நிற்கிறது, கடைக்கண் மாதிரி. மாங்காய்க்கு ஏறின பையனுக்கு இது உரையில்லாமலே விளங்கும்.

நம்மூர்க் கதையையும் சேருங்கள். 1768இல் கிருஷ்ணகிரிக் கோட்டை மைசூர் ஹைதர் அலியிடமிருந்து ஆங்கிலக் கும்பெனி வசம் வந்தது, அந்த ஜோரில் மேட்டுநிலம் ஏறி பெங்களூர்ப் பக்கம் வரை போனார்கள். பிடித்த கோட்டைக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சிப்பாயைப் பிரித்து விட்டதில் எங்கும் போதிய ஆள் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பாராமகால், அதாவது நம் கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துக் கோட்டைகள் பலவும் ஹைதர் கைக்குத் திரும்பின. 1769இல் அவர் சென்னை வாசலில் வந்து நின்றபின் சமாதானம் பேசினார்கள்.

ஓசூரிலிருந்து:
கதை சரி. ஆனால் ஜப்பான்? 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர், பிப்ரவரியில் சிங்கப்பூர், ஜூனில் பசிபிக் கடலின் மிட்வே தீவுப் போரில் அவர்களுடைய நாலு விமானந்தாங்கிக் கப்பல்கள் போயின. கொம்பில் எட்டி ஏறினது மட்டும் காரணமில்லை, எதிரியின் தொழிற்சாலை அவர்களால் எட்டமுடியாத தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உவமையில் அது எங்கே?

அரூரிலிருந்து:
கலைச்சொல்லே பாடம் முழுவதையும் நடத்திவிட்டால் வாத்தியார் எதற்கு?

கிருஷ்ணகிரியிலிருந்து:
நேற்றிரவே அனுப்பிவிட்டேன். 'நுனிக்கொம்பு நிலை', அடைப்புக்குள் கல்மினேட்டிங் பாயிண்ட். ஓசூர் நண்பருக்காக ஜப்பானுக்குத் தனிப் பத்தி.

ஓசூரிலிருந்து:
பரீட்சையில் அடைப்புக்குள் இருப்பதைத்தான் எழுதுவார்கள், பாருங்கள்.

பென்னாகரத்திலிருந்து:
அதற்குள் அனுப்பிவிட்டீர்களா? கூம்புக்கு ஏழாவது சான்றும் கிடைத்திருக்கிறது.