பிளாஸ்மா வெட்டில் ஆம்பியர் அளவும் நாசில், எலக்ட்ரோடு செலவும்: அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். 6 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகடுகளை ஏர் பிளாஸ்மாவில் (காற்றை மின்வில்லால் சூடாக்கி உலோகத்தை வெட்டும் முறை) 45 ஆம்பியர் நாசில் (டார்ச் நுனியிலுள்ள துளையுள்ள முனை) போட்டு வெட்டி வருகிறோம். 65 ஆம்பியர் நாசிலுக்கு மாறினால் வேகம் கூடி, மீட்டருக்கு ஆகும் ஆள்கூலி குறையும் என்றாலும், எலக்ட்ரோடு (டார்ச்சினுள் மின்வில் எழும் பாகம்) நுனியிலுள்ள ஹாஃப்னியம் என்ற உலோகம் விரைவில் தேய்ந்து குழி விழுந்துவிடுமோ என்று தயங்குகிறேன். (நாசிலின் துளைக்கு உரிய அளவைத் தாண்டி ஆம்பியரை ஏற்றும் எண்ணம் இல்லை, அது நாசிலைக் கெடுப்பதற்கான நேர்வழி.) எங்களிடம் நீண்ட வெட்டுகளைவிடச் சிறு துண்டுகளே அதிகம், ஆர்க் (மின்வில்) ஒவ்வொரு முறை பற்றி அணையும்போதும் ஹாஃப்னியம் கரைவதால், ஆம்பியரைக் குறைத்து வைப்பதில் உண்மையிலேயே மிச்சம் உண்டா என்பதே என் சந்தேகம். இரண்டு அளவிலும் வெட்டியவர்கள், ஓர் எலக்ட்ரோடு எத்தனை ஸ்டார்ட் (ஆர்க் பற்றவைப்பு) தாங்கியது, குழி எவ்வளவு ஆழமானதும் மாற்றினீர்கள், மீட்டர் கணக்கில் எது மலிவாக வந்தது என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.