எழுத்தாளரின் வீட்டுத் துயரத்தை மேடையேற்றுவது முறையா?

கேள்வி:
டேவிட் ஹெய்க் எழுதி, 1997இல் லண்டனின் ஹாம்ஸ்டெட் அரங்கில் தாமே ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்காக நடித்த ‘மை பாய் ஜாக்’ நாடகத்தை அண்மையில் வாசித்தேன். பார்வைக் குறைபாட்டால் படையில் சேர்த்துக்கொள்ளப்படாத மகன் ஜானுக்கு, ருட்யார்ட் கிப்ளிங் தம் செல்வாக்கால் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் இடம் பெற்றுத் தருகிறார். 18 வயது நிறைந்த ஆறே வாரங்களில், 1915 செப்டம்பரில், முதல் உலகப் போரின்போது பிரான்சின் லோஸ் போர்க்களத்தில் ஜான் காணாமற்போகிறார். வாசித்து முடித்தபோது மனம் கனத்துப்போனது. ஆயினும், தன்வரலாற்றில்கூட மகனின் சாவைப் பற்றி எழுதாத ஒருவரின் வீட்டுக்குள் நாம் நுழையலாமா என்று மனம் உறுத்துகிறது. இத்தகைய நாடகங்களை அறிந்தவர்களின் கருத்தை வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
கிப்ளிங்கின் இழப்பை வீட்டுக்குள் மட்டும் நிகழ்ந்த ஒன்றாக என்னால் கருத முடியவில்லை. பிறர் பிள்ளைகளைப் போருக்கு வருமாறு மேடையேறி அழைத்தவர் அவர். 1923இல் அதே படைப்பிரிவின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக அவரே எழுதி வெளியிட்டார்; அதில் ஜான், காயமுற்றுக் காணாமற்போன அதிகாரிகளுள் ஒருவராக ஒரே வரியில் கடந்துபோகிறார். பெயர் தெரியாத வீரர்களின் கல்லறைகளில் ‘இறைவன் அறிந்தவர்’ என்னும் பொருளில் பொறிக்கப்பட்ட தொடரைத் தந்தவரும் அவரே. 1936இல் அவர் இறக்கும்வரை மகனின் உடல் அடையாளம் காணப்படவில்லை. இவ்வளவு கட்டுப்படுத்திக்கொண்ட மௌனத்தைக் கட்டுரையைவிட நடிகரின் உடலே நன்றாக உணர்த்தும் என்று நம்புகிறேன். ஹெய்க்கை நான் மதிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: தந்தையின் கண்ணீரைக் காட்டி அவரது பொறுப்பை அவர் தள்ளுபடி செய்துவிடவில்லை.

மறுமொழி 2:
கிப்ளிங் விஷயத்தில் உடன்படுகிறேன். ஷேக்ஸ்பியர் விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. ஷேக்ஸ்பியரின் மகன் ஹாம்னெட்டின் சாவைச் சுற்றி மேகி ஓ’ஃபாரெல் எழுதிய ‘ஹாம்னெட்’ நாவலை லோலிதா சக்ரபர்த்தி நாடகமாக்க, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2023இல் அதை ஸ்ட்ராட்ஃபோர்டில் அரங்கேற்றியது. கணவரின் புகழுக்குப் பின்னால் மறைந்துபோன தாயை நடுவில் நிறுத்தியது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் அந்தச் சிறுவனின் சாவைப் பற்றி நம்மிடம் இருப்பது, 11 வயதில் மறைந்த அவன் 1596 ஆகஸ்ட் 11 அன்று அடக்கம் செய்யப்பட்டான் என்னும் தேவாலயப் பதிவு மட்டுமே. எதனால் இறந்தான் என்பதற்குச் சான்று கிடையாது. ஹாம்லெட் கதையோ அவன் உயிருடன் இருந்த காலத்திலேயே லண்டன் மேடையில் வழங்கிவந்தது. மகனை இழந்த பின் ஷேக்ஸ்பியர் இன்பியல் நாடகங்களையும் எழுதினார். ஆகவே, மகனை இழந்த துயரமே ‘ஹாம்லெட்’ நாடகத்தைப் பெற்றெடுத்தது என்று அரங்கம் நம்மை நம்பவைக்கும்போது, அதை அழகிய கற்பனையாக மட்டுமே ஏற்க வேண்டும்.

மறுமொழி 3:
உங்கள் உறுத்தல் ‘நார்னியா’ கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸுக்கே மிகவும் பொருந்தும். 1960இல் மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தபின், தம் துக்கக் குறிப்புகளை அவர் மறுஆண்டு புனைபெயரில்தான் வெளியிட்டார். அவர்களது காதலையும் பிரிவையும் ‘ஷேடோலேண்ட்ஸ்’ என்ற பெயரில் நாடகமாக்கிய வில்லியம் நிக்கல்சன், ஜாயின் இரண்டு மகன்களில் ஒருவரை மட்டுமே மேடையில் காட்டினார். கதை செறிவாவதற்கு அது உதவியிருக்கலாம். ஆனால் தாயை இழந்த ஒரு பிள்ளையை அந்த இழப்பிலிருந்தே நீக்கிவிடும் உரிமை நாடகாசிரியருக்கு உண்டு என்று நான் நினைக்கவில்லை. லூயிஸின் வீட்டுக்குள் நுழைந்ததைவிட அதுவே எனக்குப் பெரிய மீறலாகப் படுகிறது.