லண்டன் சவுத்பேங்கில் ஜப்பானியப் படங்கள்: எந்த இருக்கை, எந்தப் படம் முதலில்?

கேள்வி: பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட்) சவுத்பேங்க் திரையரங்கில் ஜப்பானியப் படவரிசை பார்க்க விருப்பம். மொழி தெரியாது, சப்டைட்டில்தான் துணை. எங்கே உட்காருவது? இயக்குநர் ஓசுவின் படங்களில் தொடங்கவா, குரோசாவாவின் படங்களிலா?

பதில் 1: முன்வரிசை வேண்டாம். எழுத்துக்கும் முகத்துக்கும் இடையே கண் அலைந்தே களைத்துவிடும். 1950களின் தொடக்கம் வரையிலான படங்கள் ஏறக்குறைய சதுரமானவை (அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 1.37:1), திரையின் நடுவில் மட்டும் விழும். அதனால் ஓர இருக்கையையும் தவிருங்கள். உறுப்பினர்களுக்கு முன்பதிவு முதலில் திறக்கும், நடு இருக்கைகள் அப்போதே போய்விடும்.

பதில் 2: 35 மி.மீ. பிரதியா, டிஜிட்டலா என்று நிகழ்ச்சிக் குறிப்பில் பாருங்கள். பழைய பிரதிகளில் சப்டைட்டில் பிலிமிலேயே பதிந்திருக்கும். வெள்ளைச் சட்டையோ காகிதக் கதவோ பின்னால் வந்தால் எழுத்து கரைந்துவிடும். ஆனாலும் பிலிமின் கறுப்பு ஆழத்துக்காக நான் அதையே பரிந்துரைப்பேன்.

பதில் 3: குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) 207 நிமிடம், நடுவில் இடைவேளை உண்டு. இரவுக் காட்சியென்றால் பக்கத்து வாட்டர்லூ நிலையத்தில் கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். ஓசுவின் ‘டோக்கியோ கதை’ (1953) 136 நிமிடம். இரண்டையும் ஒரே நாளில் வேண்டாம். ஓசுவுக்கு அலுப்பில்லாத கண் வேண்டும்: கேமரா தாழ்வாக, பெரும்பாலும் அசையாமல் நிற்கும், ஆளில்லாத அறையும் கதை சொல்லும். குரோசாவாவில் தொடங்குங்கள்.