ட்ரெயினிங் முடிந்த பிறகு தையல் லைனில் எப்படித் தொடர்வது?

திருப்பூரில் பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். போன மாதம் ஓவர்லாக், பேட்லாக் தையல் மிஷின்களில் தைக்கிற டைலர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு நாள் ட்ரெயினிங் வைத்தோம். விஷயம் ஒன்றுதான்: ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்தி, துண்டு முழுவதையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, அதைக் காட்டித்தான் புது ஊசி வாங்க வேண்டும். அன்றைக்கு எல்லோரும் அழகாகச் செய்து காட்டினார்கள். இரண்டே வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. ரிஜிஸ்டரில் முனை இல்லாத பாதி ஊசிகள்தான் ஒட்டியிருக்கின்றன, மீதி எந்தப் பீஸுக்குள் போனதோ, கடைசியில் மெட்டல் டிடெக்டரை நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம், காலை வணக்கம் படங்கள்தான் வருகின்றன. சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி கூப்பிட்டோம், சம்பள நாளில் யார் நிற்பார்கள்? தமிழிலும் இந்தியிலும் போஸ்டர் ஒட்டினோம், ஒடிசாப் பையன்களில் சிலருக்கு ஒடியா மட்டும்தான் படிக்க வரும். சூப்பர்வைசரிடம் பொறுப்பைக் கொடுத்தால் "புரொடக்ஷனைப் பாக்கறதாங்க, இதைப் பாக்கறதாங்க?" என்கிறார். டைலர்கள் முக்கால்வாசிப் பேர் பீஸ் ரேட், தைத்த பீஸுக்குத்தான் கூலி; ஊசித் துண்டு தேடுகிற நேரம் அவர்கள் கூலியில்தான் கழிகிறது, அதனால் அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

லைனை நிறுத்தாமல், பீஸ் ரேட் ஆட்களிடம் அடுத்த மூன்று மாதம் இதை யாரை வைத்து, எப்படித் தொடர்ந்து பார்ப்பது? உங்கள் யூனிட்டில் நிஜமாகவே நடந்த முறை இருந்தால் சொல்லுங்க.