பேராதனைப் பூந்தோட்டம்: அம்மாவையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகலாமோ?

கோண்டாவில்_தாய்:
வணக்கம். சித்திரை லீவுக்குக் கண்டிக்குப் பக்கத்தில இருக்கிற பேராதனைப் பூந்தோட்டம் போவம் எண்டு நினைக்கிறம், போய் வந்தாக்கள் கொஞ்சம் சொல்லுங்கோவன். நாங்கள் ஆறு பேர். என்ர அம்மாவுக்கு 74 வயசு, முழங்கால் வருத்தம், கனதூரம் நடக்க ஏலாது. பிள்ளையளுக்கு 10ம் 7ம். உண்மையில இந்தப் பயணமே அவையளுக்காகத்தான். போன கிழமை சின்னவன் பள்ளிக்கூடப் புத்தகத்தை விரிச்சு வச்சுக்கொண்டு "அம்மா ஆறு எண்டா எப்பிடி இருக்கும்" எண்டு கேட்டான், எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. இங்க யாழ்ப்பாணத்தில எதைக் காட்டுறது, வழுக்கியாறு மாரிக்கு ஓடும், பிறகு வயலும் ஆறும் ஒண்டாத்தான் கிடக்கும். பண்ணைக் கடற்கரையில கடலை எத்தினையோ தரம் பாத்திட்டான், ஆனா ஒரு பக்கமா ஓடிக்கொண்டே இருக்கிற தண்ணியை அவன் இன்னும் காணேல்லை. வான்காரர் ஒரே நாளில தலதா மாளிகை, பூந்தோட்டம், பின்னவல யானை மூண்டும் காட்டலாம் எண்டுறார். காணுமோ? ஆத்தில பிள்ளையள் குளிக்கலாமோ?

பழைய_கம்பஸ்காரன்:
தங்கச்சி, மூண்டையும் ஒரு நாளில போட வேண்டாம், தயவுசெய்து. நான் பேராதனைக் கம்பஸில நாலு வருசம் படிச்சனான், ஞாயிறு பின்னேரங்களில அந்தத் தோட்டத்துக்கதான் கிடப்பம். 147 ஏக்கர். மகாவலி லாடம் மாதிரி வளைஞ்சு மூண்டு பக்கத்தாலயும் தோட்டத்தைச் சுத்தி ஓடுது, ஆனா கேற்றால உள்ள போற சனம் ஓர்க்கிட் வீட்டையும் புல்வெளியையும் பாத்து போட்டோ எடுத்திட்டு அப்பிடியே திரும்பிடும், ஆத்தங்கரை வரைக்கும் போறதே இல்லை. உங்கட சின்னவனுக்குக் காட்ட வேண்டியது அங்கதான் இருக்கு. கரையோட ராட்சத மூங்கில் புதர் புதரா நிக்குது, 100 அடி உயரம் வரும், மழைக்காலத்தில ஒரு நாளைக்கு ஒரு அடி கூட வளருமாம். அதுக்குக் கீழ நிண்டா காத்துக்கு மூங்கில் உரசுற சத்தமும் தண்ணிச் சத்தமும்தான். மகாவலிக்கு மேல தொங்கு பாலம் ஒண்டும் இருக்கு, நடக்கேக்க ஆடும், பிள்ளையளின்ர கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

குளிக்கிற கதையை விட்டிடுங்கோ. மேல மலையில மழை பெய்தா இங்க வெயிலுக்கயே தண்ணி ஏறும்.

நேரமிருந்தா கம்பஸுக்க குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கும் ஒருக்கா போங்கோ, அம்மா சந்தோசப்படுவா.

பனங்காட்டான்:
நான் மரப் பைத்தியம், அதால கொஞ்சம் கூடக் கதைப்பன். அங்க பனை மரத்துக்கெண்டே ஒரு சாலை இருக்கு, ரெண்டு பக்கமும் வரிசையா எங்கட பனை. மலைநாட்டுப் பச்சைக்க அதைக் கண்ட உடன எனக்கு ஊரில நிக்கிற மாதிரி இருந்தது. இன்னொரு பக்கம் சீஷெல்ஸ் தீவில இருந்து வந்த இரட்டைத் தேங்காய் மரங்கள். உலகத்திலயே பெரிய விதை அதின்ரதான், காய் முத்த 6, 7 வருசம் எடுக்கும். தேங்காய் எண்டு பேர் இருந்தாலும் அது பனைக்குத்தான் கிட்டின சொந்தம், ஓலையைப் பாருங்கோ, விசிறி மாதிரி, இளம் மரம் அசல் பனை வடலிதான். பிள்ளையளிட்ட முதல் சொல்லிப்போடாதேங்கோ, அவையளே கண்டுபிடிக்கட்டும்.

அம்மாவுக்கு நாகலிங்க மரத்தைக் காட்டுங்கோ. 1901ல பிறகு ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரா வந்தவரும் மேரி ராணியும் நட்டது, இண்டைக்கும் காய்க்குது. அதுக்கு முதலே கண்டி ராசா கீர்த்தி சிறி ராஜசிங்கன் காலத்தில இது அரச தோட்டம், அவர் மதுரை நாயக்கர் வழி. 1821ல அலெக்சாண்டர் மூன் எண்ட வெள்ளைக்காரர் களுத்துறையில இருந்த தோட்டத்தை இங்க மாத்தினவர். ரெண்டாம் உலகப்போர் நேரம் நேச நாடுகளின்ர தளபதி மவுண்ட்பேட்டனின்ர தென்கிழக்காசியப் படைத் தலைமையகமே இந்தத் தோட்டத்துக்கதான்.

மாத்தளை_மருமகள்:
நான் பிறந்தது மாத்தளை, கட்டினது சுன்னாகம். ஒண்டு சொல்லணும். இலங்கைக்கு முதல் தேயிலைக் கன்று 1824ல சீனாவுல இருந்து வந்து நட்டது இந்தத் தோட்டத்துலதான். எங்க பாட்டன் பூட்டன் இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு இங்க வந்து பட்ட பாடெல்லாம் அந்தச் செடியாலதான், அத நினைக்காம என்னால அந்த கேட்டுக்குள்ள போக முடியாது. உங்க பிள்ளைகளுக்கும் சொல்லுங்க அக்கா.

சித்திரையில பின்னேரம் இடி மழை வரும், காலையிலயே போங்க, குடை மறக்காதீங்க. பகல்ல மரத்துல பழந்தின்னி வௌவால் கொத்துக் கொத்தா தொங்கும், சின்னவருக்கு அதுதான் பிடிக்கும் பாருங்க.

நல்லூரடி_அக்கா:
நாங்கள் மாமியோட போனனாங்கள், அவவுக்கும் முழங்கால்தான். உள்ள பற்றரி வண்டி வாடகைக்கு இருக்கு, சனம் கூடினா கிடைக்காது, அதால 7.30க்குத் திறக்கேக்கயே நில்லுங்கோ. இரவு 10 மணிக்கு யாழ்ப்பாணத்தில வெளிக்கிட்டா சரியா இருக்கும். போயா (பௌர்ணமி) லீவு நாளும் ஞாயிறும் வேண்டாம். பெரிய புல்வெளியில குடை மாதிரி விரிஞ்ச ஜாவா அத்தி இருக்கு, மாமியை அதின்ர நிழலில பாய் விரிச்சு இருத்திப்போட்டு நாங்கள் மாறி மாறிச் சுத்தினம். வெளிநாட்டுப் பாஸ்போட்காரர் யாரும் வந்தா அவைக்கு ரிக்கெற் கனக்கக் கூட, உங்களுக்கு அடையாள அட்டை காணும். சாப்பாடு கையில வச்சிருந்தா குரங்கு கவனம்.

கோண்டாவில்_தாய்:
எல்லாருக்கும் கோடி நன்றி. பின்னவலையை வெட்டியாச்சு, வான்காரரிட்டயும் சொல்லிட்டன், முழு நாளும் பூந்தோட்டம்தான். மாத்தளைத் தங்கச்சி சொன்னதைப் பெரியவளுக்கு வாசிச்சுக் காட்டினன், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில வச்சுக்கொண்டு கனநேரம் பேசாமல் இருந்தாள். பனங்காட்டான் அண்ணை, அம்மா உங்களிட்ட ஒண்டு கேக்கச் சொன்னவ: அங்க நிக்கிறது ஆண்பனையோ பெண்பனையோ, நுங்கு காய்க்குதோ?