அமைதி மோடில் மேடு ஏறும்போது மட்டும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துகொள்கிறது

தடம்6 (கேள்வி)

வணக்கம். வண்டி டர்போ இல்லாத வி8. பின்னால் இரண்டு சைலன்சர், ஒவ்வொன்றின் வெளிக்குழாயிலும் வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் பட்டர்ஃபிளை வால்வு ஒன்று: உள்ளே இருக்கும் தட்டு மூடினால் சத்தம் குறையும், திறந்தால் முழங்கும். வேக்குவத்தைத் திறந்து மூடும் சோலனாய்டு (மின்வால்வு) ஒன்றுதான், அதிலிருந்து டீ (T வடிவ இணைப்பு) பிரிந்து, வால்வைத் திருப்பும் இரண்டு ஆக்சுவேட்டருக்கும் ஹோஸ் போகிறது. வயது 11 வருஷம், ஓட்டம் 84,000 கிலோமீட்டர்.

அமைதி மோடில் ஐடிலிலும் சமதரையிலும் சத்தமே இல்லை. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்தால் மூன்று நான்கு விநாடியில் இரண்டு பக்கமும் முழங்க ஆரம்பிக்கிறது. காலை எடுத்ததும் அடங்கிவிடுகிறது. ஸ்போர்ட் மோடில் வழக்கம்போல் திறக்கிறது. இதோடு இடப்பக்கம் மட்டும் 1,900 ஆர்பிஎம் அருகே தகரம் அதிர்வதுபோல் ஒரு கிலுகிலுப்பு. ஸ்கேனரில் பழுதுக் கோடு (பழுதைக் காட்டும் குறியீடு) எதுவும் இல்லை.

இரண்டு ஆக்சுவேட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். அதிலிருந்து தொடங்குவது சரியா? கையில் மல்டிமீட்டர், கேஜ் வைத்த கை வேக்குவம் பம்ப் இரண்டும் இருக்கின்றன.

கருவிப்பெட்டி

ஆக்சுவேட்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே விதமாகக் கெடுவது அபூர்வம். இரு பக்கமும் சேர்ந்து தவறினால் பொதுவான வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: செக் வால்வு, வேக்குவம் டப்பா, சோலனாய்டு, டீ வரைக்குமான ஹோஸ்.

உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஐடிலில் ஆக்சுவேட்டர் ஹோஸைப் பிடுங்கினால் சத்தம் கூடுகிறது என்றால், ஸ்பிரிங் திறக்கிறது, வேக்குவம் மூடுகிறது. தயாரிப்பாளர் பொருத்தி வரும் வேக்குவம் அமைப்புகளில் இதுதான் அதிகம். நேர்மாறான வகையும் உண்டு. அதற்கு நான் சொல்லப்போவதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐடிலில் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த்தொகுதி) சுமார் 18 முதல் 21 அங்குலப் பாதரசம் வேக்குவம் இருக்கும், 60 முதல் 70 கிலோபாஸ்கல். (இது கடல்மட்டக் கணக்கு. 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும்.) ஆக்ஸிலரேட்டரை மிதித்து த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் அது பூஜ்யத்துக்கு அருகில் போய்விடும். அப்போது வால்வை மூடிப் பிடித்திருப்பது டப்பாவில் சேர்த்து வைத்த வேக்குவம்தான். அது மேனிஃபோல்டு பக்கம் திரும்பி ஓடாமல் காப்பது செக் வால்வு. அது கசிந்தால் நீங்கள் சொன்னபடியேதான் நடக்கும்: மிதித்தால் சில விநாடியில் திறக்கும், காலை எடுத்தால் மூடும்.

சோதனை எளிது. சோலனாய்டுக்கு வேக்குவம் வரும் ஹோஸில் ஒரு டீ போட்டு கேஜை மாட்டுங்கள். இன்ஜினை இரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு அளவைக் குறித்துக்கொண்டு அணையுங்கள். நல்ல அமைப்பில் முள் பல நிமிஷம் நிற்கும். அணைத்த கையோடு விழுந்தால் செக் வால்வு. மெதுவாக இறங்கினால் டப்பாவில் விரிசல், இல்லையென்றால் ஹோஸ் முனை வெடிப்பு. செக் வால்வைக் கழற்றி இரு பக்கமும் வாயால் ஊதிப் பாருங்கள். டப்பாவிலிருந்து இன்ஜினை நோக்கி மட்டும்தான் காற்று போக வேண்டும். மேலே போட்டிருக்கும் அம்புக்குறியையோ நிறத்தையோ நம்ப வேண்டாம், ஊதிப் பார்ப்பதுதான் நிச்சயம்.

இரட்டைக்குழல்

மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இது பழுதுதானா? பல வண்டிகளில் அமைதி மோடிலும் த்ராட்டில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஈசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வால்வைத் திறக்கச் சொல்லும். அப்படியிருந்தால் செக் வால்வை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை.

சோலனாய்டு கனெக்டரின் இரண்டு பின்களுக்கும் குறுக்கே 12 வோல்ட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை இணைத்து, ஒயரைக் காருக்குள் கொண்டுவாருங்கள். எல்.ஈ.டி.யில் துருவம் மாறினால் எரியாது, அதனால் அமைதி மோடில் எரிகிறதா, ஸ்போர்ட் மோடில் அணைகிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிடுங்கள். பிறகு மேட்டில் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர் விளக்கைக் கவனிக்கட்டும். முழக்கம் வரும் கணத்தில் விளக்கு அணைந்தால் அது ஈசியூவின் கட்டளை, வண்டி சரியாகத்தான் இருக்கிறது. எரிந்துகொண்டே இருக்க, வால்வு திறந்தால் வேக்குவம் போய்விட்டது.

கோடு ஏன் வரவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இந்த வகையில் வால்வின் நிலையைச் சொல்லும் சென்சார் பொதுவாக இருக்காது. ஈசியூவுக்குத் தெரிவதெல்லாம் சோலனாய்டு சுருளின் மின்சுற்று மட்டும். ஹோஸ் உருகி அறுந்து தொங்கினாலும் அதற்கு எல்லாம் நலம்தான்.

ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிசலுக்கு ஸ்கேனரிலேயே ஒரு நல்ல தடயம் கிடைக்கும். இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் ஷார்ட் டெர்ம் ஃபியூயல் டிரிம்மை (காற்று கூடினால் அதற்கேற்ப ஈசியூ எரிபொருளைக் கூட்டும் சதவீதம்) இரண்டு மோடிலும் குறியுங்கள். அமைதி மோடில் மட்டும் தெளிவாக பிளஸ் பக்கம் ஏறினால் கசிவு சோலனாய்டுக்கு அப்பால், ஆக்சுவேட்டர் பக்கம். ஸ்போர்ட் மோடில் சோலனாய்டு அந்தப் பாதையை அடைத்துவிடுவதால் கசிவும் மறைந்துவிடுகிறது. இரண்டு மோடிலும் ஒரே மாதிரி ஏறியிருந்தால் சோலனாய்டுக்கு முன்னால் தேடுங்கள்.

கிலுகிலுப்பு தனிக் கதை. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, வண்டியை ஜாக் ஸ்டாண்டில் வைத்து, முன்சக்கரங்களுக்கு அடை கொடுத்து, இரு பக்கமும் இப்படி ஒப்பிடுங்கள். கை பம்பை ஆக்சுவேட்டரில் நேரடியாக மாட்டி, எந்த அளவில் வால்வைத் திருப்பும் லீவர் அசையத் தொடங்குகிறது, எந்த அளவில் முழுக்க மூடுகிறது என்று எழுதுங்கள். பிறகு 20 அங்குலத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள், முள் நகரக் கூடாது. வண்டிக்கு வண்டி எண் மாறும் என்பதால் ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிடுவதுதான் நம்பத் தகுந்தது. கடைசியாக இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு லீவரைக் கையால் திருப்பியும், ஷாஃப்டை (தட்டைத் தாங்கும் தண்டு) மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள்.

தடம்6

முடிவுகள்:

விளக்கு முழக்கத்தின்போதும் எரிந்துகொண்டே இருந்தது. ஐடிலில் 19 அங்குலம். இன்ஜினை அணைத்ததும் 4 விநாடியில் பூஜ்யம். செக் வால்வில் இரு பக்கமும் காற்று போகிறது. டப்பாவைத் தனியாகப் பம்ப் செய்தால் 20 அங்குலம் அசையாமல் நிற்கிறது.

வலப்பக்கம் 6 அங்குலத்தில் அசைந்து 11-ல் மூடுகிறது. இடப்பக்கம் 10-ல் அசைந்து, இடையில் சிக்கிச் சிக்கி, 17-ல்தான் மூடுகிறது. இரண்டு டயஃப்ரமும் ஒரு நிமிஷம் தாங்குகின்றன. ஃபியூயல் டிரிம்மில் மோடுக்கு மோடு வித்தியாசம் இல்லை. கம்பியைக் கழற்றினால் இட லீவர் இறுக்கமாக இருக்கிறது, ஷாஃப்டிலும் ஆட்டம் தெரிகிறது. இறுக்கமும் ஆட்டமும் ஒரே இடத்தில் எப்படி?

கருவிப்பெட்டி

செக் வால்வு போய்விட்டது, அதில் சந்தேகம் இல்லை. மாற்றும்போது ஹோஸின் உள்விட்டத்தையும் அளந்து வாங்குங்கள். வேக்குவத்துக்கென்று செய்த தடித்த சுவர் ஹோஸாக இருக்க வேண்டும். மெல்லிய சிலிகான் ஹோஸ் வளைவில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். பழைய ஹோஸின் முனை கெட்டியாகியிருந்தால் முனையை மட்டும் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகுகிறார்கள். ஹோஸ் முழுதுமே அதே அனலில் கிடந்ததுதான், சில மாதத்தில் வேறிடத்தில் வெடிக்கும். முழுசாக மாற்றிவிடுங்கள். புது ஹோஸ் எக்ஸாஸ்ட் குழாயைத் தொடாமலும் வெப்பத் தகடுக்கு (அனலைத் தடுக்கும் தகடு) வெளியேயும் போகட்டும்.

இடப்பக்கம்: ஷாஃப்ட் சுழலும் புஷ் (தாங்கு வளையம்) தேய்ந்துவிட்டது. தேய்ந்த புஷ்ஷில் ஷாஃப்ட் ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்தால் தட்டின் விளிம்பு குழாய்ச் சுவரில் உரசும். புஷ்ஷுக்குள் கரி அடைந்து இறுகும். அதனால்தான் இறுக்கமும் ஆட்டமும் சேர்ந்தே வருகின்றன. சிறு தூர ஓட்டம் அதிகமான வண்டியில் இது சீக்கிரம் வரும். குழாய்க்குள் சேரும் நீர் ஆவியாகிற அளவுக்குச் சைலன்சர் சூடாவதே இல்லை.

ஆக்சுவேட்டர் வேக்குவத்தைத் தாங்குகிறது, ஆகவே அது நல்ல பாகம். 17 அங்குலம் கேட்பது உராய்வைத் தாண்டுவதற்காக. இதைப் பார்க்காமல் ஆக்சுவேட்டரை மாற்றியிருந்தால் புதியதும் அதே 17-ஐத்தான் கேட்டிருக்கும்.

இரட்டைக்குழல்

சுத்தம் செய்து பார்ப்பதாக இருந்தால்: துருநீக்கி எண்ணெயை ஷாஃப்டின் இரு முனையிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, சில மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு லீவரைக் கையால் மட்டும் முன்னும் பின்னும் அசைத்துவிடுங்கள். இடுக்கி போட்டு முறுக்கினால் தட்டை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் வெல்டு விட்டுப்போகும். இளகிய பின் வழிந்த எண்ணெயைத் துடைத்தெடுத்து, நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட் (அனலிலும் இறுகாமல் காப்பது) சிறிதளவு தடவுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம், அது எரிந்து கரியாகி முன்னைவிட மோசமாக இறுக்கும். மிஞ்சிய எண்ணெய் புகையும் என்பதால் முதல் முறை திறந்த வெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கரி போனதும் கிலுகிலுப்பு கூடலாம். ஆட்டத்தை இதுவரை அடக்கி வைத்திருந்ததே அந்தக் கரிதான். சத்தம் வால்விலிருந்துதான் வருகிறதா என்பதற்கு, லீவரை முழுத் திறப்பில் துருப்பிடிக்காத கம்பியால் இறுகக் கட்டிவிட்டு 1,900-ல் ஓட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் டை கட்டாதீர்கள், உருகிவிடும். சத்தம் மாறாவிட்டால் வெப்பத் தகட்டையும் கிளாம்ப்பையும் தட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் புஷ் தான். பெரும்பாலான சைலன்சரில் அது தனியாகக் கிடைக்காது, வால்வுப் பகுதியை வெட்டிப் புதிது வெல்டு செய்ய வேண்டும், அல்லது சைலன்சரோடு மாற்ற வேண்டும். வெட்டுவதற்கு முன் லீவரின் கோணத்தைக் குழாயில் குறித்துக்கொள்ளுங்கள். வெல்டு செய்யும்போது ஆக்சுவேட்டரைக் கழற்றி வைத்துவிட வேண்டும், டயஃப்ரம் ரப்பர் அந்த அனலைத் தாங்காது. பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

சுழல்மானி

மோட்டார் வகை வால்வு உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு, அறிகுறி ஒத்திருந்தாலும் அங்கே வழி வேறு. கைக்கு இறுகிய ஷாஃப்டில் புது மோட்டாரைப் பொருத்தவே கூடாது. தட்டு நகராதபோது மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேயும். முதல் மோட்டார் போனதற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம். எனவே மோட்டாரைக் கழற்றி, ஷாஃப்டைத் தனியாகத் திருப்பி, முழுக்கச் சுலபமாகப் போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

கனெக்டரில் 12 வோல்ட்டும் எர்த்தும் வருகிறதா என்று சுமையோடு அளந்து பாருங்கள். பச்சை பூத்த பின்னிலும் வெறும் மீட்டர் 12 காட்டும், 5 வாட் பல்பு மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். மோட்டாருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் உள்ள ஸ்பிரிங் இணைப்பானைப் பழையதோடு விட்டுவிடாதீர்கள், அது தளர்ந்தாலும் இதே கிலுகிலுப்பு வரும். புது மோட்டார் பொருத்திய பின் சில வண்டிகளில் ஸ்கேனரால் முனை நிலைகளை (முழுத் திறப்பு, முழு மூடல்) ஈசியூவுக்குக் கற்பிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நல்ல மோட்டாருக்கே பழுதுக் கோடு விழும்.

ஃபியூஸைப் பிடுங்கினால் தீரும் என்று பலர் எழுதுகிறார்கள். வேக்குவம் மூடும் வகையில் அது வால்வை நிரந்தரமாகத் திறந்தே விடும், பழுதை மறைக்கும், அவ்வளவுதான். அசையாமல் ஒரே நிலையில் நிற்கும் ஷாஃப்ட் இன்னும் வேகமாக இறுகும்.

தடம்6

செக் வால்வும் ஹோஸ் முழுவதும் மாற்றியாயிற்று. அணைத்து 10 நிமிஷம் கழித்தும் கேஜ் 18-ல் நிற்கிறது. மேட்டில் அமைதி மோடு அமைதியாகவே இருக்கிறது. இட ஷாஃப்டைச் சுத்தம் செய்த பின் 7-ல் அசைந்து 12-ல் மூடுகிறது. கிலுகிலுப்பு நீங்கள் சொன்னபடியே சற்றுக் கூடிவிட்டது. லீவரைக் கம்பியால் கட்டினால் நிற்கிறது. வால்வுப் பகுதியை மாற்றும் வரை ஓட்டலாமா?

கருவிப்பெட்டி

ஓட்டலாம், தட்டு ஷாஃப்டில் உறுதியாக இருக்கும் வரை. வாரம் ஒருமுறை, குழாய் ஆறியிருக்கும்போது லீவரை அசைத்து, தட்டும் கூடவே திரும்புகிறதா என்று டார்ச் அடித்துக் குழாய் முனை வழியாகப் பாருங்கள். லீவர் திரும்பித் தட்டு பின்தங்கினால் வெல்டு விடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். கழன்ற தட்டு குறுக்கே சிக்கினால் அந்தப் பக்கத்துப் புகை முழுதும் அடைபடும்.