வீட்டுக் கணினியை கிளவுட் விழுங்கிவிடுமா? தரவு எங்கே, சாவி யாரிடம்?

வெண்மேகம்:
படம், ஆவணம், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் கிளவுடுக்கு, அதாவது நிறுவனங்களின் தொலைதூரக் கணினிகளுக்கு, போயாச்சு. இனி வீட்டில் தனியாக ஒரு டப்பா எதற்கு? 2011-ல், பெரும்பாலும் உலாவியை வைத்தே ஓடுற மடிக்கணினியா குரோம்புக் வந்தப்போ சிரிச்சாங்க. 2021-ல் மைக்ரோசாஃப்டே முழு விண்டோஸையும் உலாவிக்குள் வைத்து "விண்டோஸ் 365" என்று நிறுவனங்களுக்கு விற்க ஆரம்பிச்சது. வீட்டு வன்தட்டு ஒருநாள் டக் டக்குனு சத்தம் போட்டு நின்னா பத்து வருஷப் படம் காலி. தரவு மையத்தில் ஒரு தட்டு போனா, இன்னொன்றில் நகல் இருக்கும். ஒரு திரை, ஒரு விசைப்பலகை, நல்ல இணைப்பு: பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும் என்பது என் வாதம்.

இரும்புப்பெட்டி:
"நல்ல இணைப்பு" என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். கணக்குப் போடுவோம். பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 20 மெகாபிட்) என்றால் 1 டெராபைட் ஏற 4 லட்சம் விநாடி, அதாவது 4 நாள் 15 மணி. இதுவும் இணைப்பு ஒரு நொடிகூட தளராமல் இருந்தால்தான்.

கைபேசியில் 4கே, 60 ஃபிரேமில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 எம்பி. ஒரு மணி நேரக் காணொளி 24 ஜிபி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகச் சேமிப்பகம்) அதை முக்கால் நிமிடத்தில் படித்துவிடும். அதே கோப்பு 20 எம்பிபிஎஸ்-ல் மேலே ஏற 2 மணி 40 நிமிடம், 100 எம்பிபிஎஸ்-ல் கீழே இறங்க 32 நிமிடம்.

அடுத்தது, ஒத்திசைவு வேறு, காப்புநகல் வேறு. ஒத்திசைவில், கணினியில் ஒரு கோப்புறையை அழித்தால் கிளவுடிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் தானாகக் காலியாகும். 31-ஆம் நாள் தேடி என்ன பயன்?

வெண்மேகம்:
அந்த 4 நாள் ஒரே ஒரு தடவைதானே! அப்புறம் மாறினது மட்டும் ஏறும். டிராப்பாக்ஸ் மாதிரி கிளவுட் சேமிப்புச் சேவை கோப்பை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, மாறின துண்டை மட்டும் அனுப்புது. கோப்புகளைப் பூட்டிட்டுப் பணம் கேட்கிற பணயத் தீநிரல் வந்து எல்லாத்தையும் பூட்டிட்டா, முந்தின வாரத்து வடிவத்துக்குச் சில சொடுக்கில் திரும்பலாம். உங்க வன்தட்டில் அது நடக்குமா? அதோட, 4கே காணொளி வெட்டி ஒட்டுற வீடு எத்தனை?

இரும்புப்பெட்டி:
காணொளியை விடுங்கள். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவில் மேகக் குறி போட்ட கோப்பு உங்கள் வட்டில் இல்லவே இல்லை, இருப்பது வெறும் பெயர்ப்பலகை. அந்தக் கோப்புறையை அப்படியே வெளித் தட்டுக்கு நகலெடுத்து "காப்புநகல் ஆயிற்று" என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் உண்டு. சில நகல் மென்பொருள்கள் அவற்றைத் தாண்டிப் போய்விடும், பிழை என்றுகூடச் சொல்லாது. வலது சொடுக்கில் "எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு" கொடுத்து, பச்சை வட்டத்துக்குள் வெள்ளை டிக் வந்த பிறகே நகலெடுக்க வேண்டும்.

கணக்கு மென்பொருளின் தரவுத்தளத்தை ஒத்திசைவுக் கோப்புறையில் வைப்பதும் ஆபத்து. முதன்மைக் கோப்பும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் அதன் பதிவுக் கோப்பும் வெவ்வேறு நேரத்தில் ஏறும். இன்னொரு கணினியில் திறந்தால் பாதி பழசு, பாதி புதுசு.

சாவிக்கொத்து:
வேகச் சண்டையில் தலைப்பின் மறுபாதி காணாமல் போய்விட்டது. "எங்கள் சேவை குறியாக்கம் செய்யப்பட்டது" என்ற விளம்பரத்துக்கு மூன்று பொருள் உண்டு. குறியாக்கம் என்பது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது. வழியில் குறியாக்கம், அவர்கள் வட்டில் குறியாக்கம், சாவி பயனரிடம் மட்டுமே இருக்கும் முனைக்கு முனை குறியாக்கம். முதல் இரண்டில் சாவி நிறுவனத்திடமே இருக்கும். அவர்கள் திறக்க நினைத்தால் திறக்கலாம், நீதிமன்றம் கேட்டாலும் திறந்து கொடுக்கலாம். 2018-ல் வந்த அமெரிக்க கிளவுட் சட்டத்தின்படி, தரவு எந்த நாட்டு வட்டில் இருந்தாலும் அமெரிக்க நிறுவனத்திடம் முறைப்படி கேட்டுப் பெற முடியும்.

முனைக்கு முனை என்பதும் நிரந்தரமில்லை. ஆப்பிள் 2022 டிசம்பரில் தன் கிளவுடான ஐகிளவுடுக்கு, மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு என்ற முனைக்கு முனை குறியாக்கத்தைக் கொடுத்தது. 2025 பிப்ரவரியில், பிரிட்டன் அரசின் நெருக்கடிக்குப் பின், அந்த நாட்டில் புதிதாக யாரும் அதை இயக்க முடியாதபடி நிறுத்தியது. அது இயங்கும் இடங்களிலும் மின்னஞ்சல், தொடர்புகள், நாட்காட்டி மூன்றும் அதற்கு வெளியேதான்.

ஏறும் படங்களை நிரலே ஆராயும் தானியங்கிச் சோதனை இன்னொன்று. மருத்துவருக்கு அனுப்பத் தன் குழந்தையைப் படம் எடுத்த ஒரு தந்தையின் கூகுள் கணக்கே, அது குழந்தை வன்கொடுமைப் படம் எனத் தவறாகக் கருதப்பட்டு, முடக்கப்பட்ட செய்தி 2022-ல் வந்தது. காவல்துறை குற்றமில்லை என்ற பிறகும் கணக்கு திரும்பவில்லை. ஒரே கணக்கில் எல்லாம் இருந்தால், முடங்கும்போதும் எல்லாம் சேர்ந்தே முடங்கும்.

வெண்மேகம்:
சரி, அப்போ ஏற்றுறதுக்கு முன்னாடியே பூட்டி ஏற்றலாமே. கோப்பைப் பூட்டி ஏற்றுற கிரிப்டோமேட்டர், ஆர்குளோன் நிரல்கள் ரெண்டும் கணினியில் இலவசம். சாவி நம்மகிட்ட, பெட்டி அவங்ககிட்ட. தனியுரிமைப் பிரச்சினை முடிஞ்சது.

சாவிக்கொத்து:
பூட்டுவது எந்தக் கணினி? உங்கள் கையில் இருப்பது. "வெறும் திரை போதும்" என்ற முதல் வாதம் இங்கேயே உடைகிறது. தொலைவிலுள்ள விண்டோஸில் கிரிப்டோமேட்டரைத் திறந்தால், சாவி அவர்களுடைய நினைவகத்தில்தான் விரியும்.

செய்வதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை சில. கிரிப்டோமேட்டர் உள்ளடக்கத்தையும் கோப்புப் பெயரையும் மறைக்கும். எத்தனை கோப்பு, ஏறத்தாழ என்ன அளவு, எப்போது மாற்றியது என்பவை வெளியே தெரியும். பூட்டிய கோப்புறையான பெட்டகத்தை உருவாக்கும்போது, மீட்புச் சாவி வேண்டுமா என்று கேட்கும். பலர் "வேண்டாம்" என்று கடந்துவிடுகிறார்கள். முதன்மைச் சாவிக் கோப்பு ஒத்திசைவில் அழிந்தால், கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை. அந்த மீட்புச் சாவியோ சாவிக் கோப்பின் நகலோ இருந்தால்தான் திறக்கும்.

பல கோப்புகளை ஒரே பூட்டிய கோப்பாக வைக்கும் வெராகிரிப்ட் கொள்கலனை டிராப்பாக்ஸில் வைப்பவர்களுக்கு வேறொரு பொறி. இயல்பாக வெராகிரிப்ட் கொள்கலனின் மாற்றத் தேதியைப் பழையபடியே வைத்துவிடும். உள்ளே நூறு கோப்பு சேர்த்தாலும் "எதுவும் மாறவில்லை" என்று ஒத்திசைவு நிரல் சும்மா இருக்கும். விருப்பங்களில் அந்தத் தேதிப் பாதுகாப்பை அணைக்க வேண்டும். கொள்கலனை மூடிய பிறகே அது ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஏற்கெனவே பூட்டாமல் ஏற்றிய பழைய கோப்புகளை அழித்தால் குப்பைத்தொட்டியிலும் பழைய வடிவங்களிலும் அவை கொஞ்ச காலம் கிடக்கும். இவ்வளவும் செய்துவிட்டு, கைபேசிக் கேமராவின் தானியங்கிப் பதிவேற்றத்தை அணைக்க மறந்தால், ஒவ்வொரு படமும் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்போடு திறந்தபடியே போய்க்கொண்டிருக்கும்.

நள்ளிரவு நிர்வாகி:
ரெண்டு கட்சிக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு: சொந்த கிளவுட். ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி, 4 ஜிபி நினைவகம், யுஎஸ்பி 3-ல் ஒரு எஸ்எஸ்டி, மேலே நெக்ஸ்ட்கிளவுட் என்ற சொந்த கிளவுட் மென்பொருள். படத்துக்கு மட்டும்னா 8 ஜிபி ராஸ்பெரி பையில் இம்மிச் என்ற படச் சேமிப்பு மென்பொருள். இயங்குதளத்தை எஸ்டி அட்டையில் வைக்காதீங்க, ஓயாம எழுதினா அது சீக்கிரம் செத்துடும். மின்சாரம் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் கட்டாயம். பழைய கைபேசி சார்ஜரைச் சொருகினா திரையில் மின்னல் குறி வரும், எஸ்எஸ்டி நடுவுல அறுந்து போகும். சராசரியா 10 வாட் இழுத்தா வருஷத்துக்கு ஏறக்குறைய 88 யூனிட்.

வெளியிலிருந்து நுழையறதுல பாதிப் பேர் முட்டிக்கறாங்க. ரூட்டரின் வெளிமுகவரி 100.64-லிருந்து 100.127 வரைக்குள்ள ஆரம்பிச்சா, இணைப்பு நிறுவனம் பலருக்குப் பகிர்ந்து கொடுத்த ஒரே முகவரிக்குப் பின்னால இருக்கீங்க. ரூட்டரில் போர்ட் (உள்ளே வரும் வாசல்) எத்தனை திறந்தாலும் பலனில்லை, உங்க சாதனங்களைத் தனிப்பாதையில் இணைக்கிற டெயில்ஸ்கேல் போட்டுக்கோங்க. சொந்த முகவரி இருந்தா, பூட்டிய தனிப்பாதை போடுற வயர்கார்டுக்கு ஒரு யுடிபி போர்ட் போதும். நெக்ஸ்ட்கிளவுட் உள்நுழைவுப் பக்கத்தை மட்டும் நேரடியா வெளியுலகுக்குத் திறந்து வைக்காதீங்க.

வெண்மேகம்:
அதைத்தான் சொல்றேன்! யார் இதைப் பராமரிக்கறது? 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் இணையம் வழியா தொழிற்சாலை நிலைக்கு அழிஞ்சது ஞாபகம் இருக்கா? 2015-லிருந்தே அதுக்கு மேம்படுத்தல் கிடையாது. 2022 ஜனவரியில் க்யூநேப் சேமிப்புப் பெட்டிகளை டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல் பூட்டுச்சு. வீட்டுக்குள்ள இருந்தா பத்திரம்னு நினைச்சவங்கதான் எல்லாரும்.

நள்ளிரவு நிர்வாகி:
ரெண்டுமே இணையத்துக்கு நேரடியா வாயைத் திறந்து வச்ச பெட்டிகளுக்கு வந்த கேடு. அதனாலதான் வயர்கார்டு. ஆனா பராமரிப்பு விஷயத்துல நீங்க சொல்றது சரி. மாசம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவங்க இதுல இறங்க வேண்டாம்.

இரும்புப்பெட்டி:
தரவு மையமும் எரியும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் ஒரு கட்டடம் முழுதாக எரிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே பழைய 3-2-1: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். அந்த வெளியிடம் கிளவுடாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. அது மட்டுமே இருப்பதில்தான்.

சாவிக்கொத்து:
வெண்மேகம், ஒரு சோதனை செய்து பாருங்கள். கைபேசி தொலைந்ததாக நினைத்து, அதைத் தொடாமல், புதிய கணினியில் உங்கள் கிளவுடுக்குள் நுழைய முயலுங்கள். இரண்டாம் கட்டக் குறியீடு தொலைந்த கைபேசிக்குப் போகும். மாற்றுக் குறியீடுகள் கடவுச்சொல் மேலாளரில் இருக்கும். மேலாளரின் கோப்பு அதே கிளவுடுக்குள் இருக்கும்.

வெண்மேகம்:
இது நான் யோசிக்காதது. மாற்றுக் குறியீட்டைக் காகிதத்தில் அச்சடிச்சு வைக்கலாம்தான். ஆனா திருடன் கணினியோட அந்தக் காகிதத்தையும் தூக்கிட்டுப் போனா?

சாவிக்கொத்து:
குறியீடு மட்டும் போதாது, கடவுச்சொல்லும் வேண்டும். கடவுச்சொல் தலையில், காகிதம் வேறொரு வீட்டில் இருக்கட்டும். காகிதம் போனது தெரிந்ததும் புதிய குறியீடுகளை உருவாக்குங்கள், பழையவை அப்போதே செல்லாமல் போகும்.